நடுவில் நாலு

எடையக்காவுக்கு "முடியாது" என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. மற்ற எல்லாம் தாராளமாக வரும். லாரிக்காரர்கள் பேனா கேட்டால், திரும்பி வராது என்று தெரிந்தே எடுத்துக் கொடுப்பாள். மழை பெய்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட முடியாது என்று சொன்னதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்பாள். இப்படி யோசித்துக்கொண்டே இருந்ததில் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அன்றைக்குக் கேட்டவர்களின் பிள்ளைகள் எல்லாம் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார்கள்.

அவளுக்கு வேலை தொழிற்பேட்டை வாசலில் இருக்கும் லாரி எடைமேடையில், அதனால்தான் எல்லாருக்கும் எடையக்கா. மேடை என்றதும் உயரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையோடு தரையாக நீளமான இரும்புப் பலகை, அவ்வளவுதான். லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் படியேறிப் போனால் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு முக்காலி, எடை காட்டும் திரை, சீட்டு அடிக்கும்போது விக்கல் எடுக்கும் ஓர் அச்சு இயந்திரம். லாரி சரக்கோடு ஒரு தடவை மேடை ஏறும், சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு தடவை ஏறும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. இந்த விஷயத்தில் மட்டும் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. ஓட்டுநர் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால், அவர் யாராக இருந்தாலும் சரி, சீட்டு வராது.

அந்த மேடைக்கு ஒரு குறை உண்டு. அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும். 24640 காட்டும், அடுத்து 24650-க்குத் தாவிவிடும். நடுவிலே 24642 என்று ஓர் எண் இருப்பதே அதற்குத் தெரியாது. வேறு யாருக்கும் இது ஒரு குறையாகவே பட்டதில்லை. எடையக்காவுக்கு மட்டும் மனசு ஆறாது. ஏனென்றால் 24642-ஐ முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதே எண். அப்படிப்பட்ட எண் என்றால் அவளுக்கு உயிர். பூஜ்யத்தில் முடிகிற எண்ணைத் திருப்பிப் படித்தால் அது பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், உலகத்தில் எந்த எண்ணும் அப்படித் தொடங்குவதில்லை. ஆகவே எத்தனை லாரி ஏறி இறங்கினாலும் அவள் திரையில் அந்த அழகு வரப்போவதே இல்லை.

வேலையில் கிடைக்காததை வெளியில் தேடிக்கொண்டாள். வண்டி எண், தொலைபேசி எண், மின்சாரப் பெட்டியில் ஓடும் எண் என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். திரும்பிப் படித்தாலும் மாறாத எண் அகப்பட்டால், வீணாய்ப்போன எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்து வகுக்க ஆரம்பித்துவிடுவாள். எதால் உடையும், எத்தனை துண்டாக உடையும் என்று பார்த்தே தீர வேண்டும். சிலர் ஸ்வெட்டர் பின்னுவார்கள், சிலர் ஊர்வம்பு பேசுவார்கள், இவள் எண்ணை உடைப்பாள். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் போட்டால் ஒரு நொடிதானே என்று யாரோ கேட்டார்கள். எனக்குப் பதிலாக மெஷின் சாப்பிட்டால் என் பசி அடங்குமா என்று திருப்பிக் கேட்டாள்.

சிமெண்ட் லாரி ஓட்டுகிறவரை எல்லாரும் சிமெண்ட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்குகிறவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். புருவத்தில் எப்போதும் சாம்பல் பூத்தாற்போல் தூசி படிந்திருக்கும். மற்ற ஓட்டுநர்களைப் போல அவரும், தன்னைவிட இளையவள் என்று தெரிந்தும், அவளை அக்கா என்றுதான் அழைத்துவந்தார். ஒருநாள் அந்த அக்கா காணாமல் போனது. அதற்கப்புறம் "ஏங்க" மட்டும்தான். சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எடையக்காதான் கடைசியாகக் கவனித்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், வெறும் வண்டியை எடை போட்டுவிட்டுச் சீட்டு வாங்க வந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். தப்பா இருந்தா அந்தச் சீட்டோட சேர்த்துக் கிழிச்சுப் போட்டுடுங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்த மனிதர் அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் வந்து நின்று, யோசிச்சாச்சா என்று பணிவாகக் கேட்பார், அது இன்னும் பாடாய்ப் படுத்தும். முடியாது என்று சொல்லவோ வாய் வராது. அவரைப் பிடிக்காமல் இல்லை. இத்தனை வருடமாகத் தன் இஷ்டப்படி இருந்துவிட்டு இனி இன்னொருவரோடு எப்படி என்ற பயம்தான். அப்போது அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி படிக்கிற எண் ஒண்ணு கொண்டு வாங்க. லட்சத்துக்குக் கீழ வேண்டாம். என்னால அதை உடைக்க முடியலன்னா பண்ணிக்கலாம்."

யாரையும் கேட்கக் கூடாது, போனில் தேடக் கூடாது, அவரே யோசிக்க வேண்டும் என்றும் சொன்னாள். உடைப்பது என்றால் என்ன என்று அவர் கேட்டார். மீதியில்லாமல் வகுப்பது என்றாள். ஒன்றாலும் அந்த எண்ணாலும் வகுத்தால் அது கணக்கில் சேராது. வேறு எதாலும் வகுபடாமல் நிற்கிற எண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று பெயர். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். முடியாது என்று சொல்லாமலே சொல்லிவிட்டோம் என்று எடையக்காவுக்கு ஏக நிம்மதி.

அந்த நிம்மதிக்குக் காரணம் இருந்தது. லாரி ஓட்டுகிறவருக்கு எல்லாமே ஜோடி ஜோடிதான், டயர் முதல் விளக்கு வரை. அவர் எப்படி எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும். பாதி எண்ணை எழுதி, மறுபாதியில் அதையே திருப்பிப் போடுவார். அப்படிப் போட்டால் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் வரும். இரட்டைப்படையாக வந்தால் அந்த எண் எவ்வளவு பெரிதானாலும் பதினொன்றால் உடைந்தே தீரும். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கம் கூட்டுங்கள், விட்டதையெல்லாம் தனியாகக் கூட்டுங்கள். இரண்டு கூட்டலும் சமமாக வந்தால் அந்த எண்ணைப் பதினொன்று மீதியில்லாமல் வகுக்கும். திருப்பிப் போட்ட எண்ணில் ஒவ்வோர் இலக்கத்தின் ஜோடியும் எதிர்க் கூட்டத்தில் போய் விழும். பிறகு சமமாகாமல் என்ன செய்யும்?

அவர் முதலில் கொண்டுவந்தது 12344321. எடையக்கா பென்சிலைக்கூடத் தொடவில்லை. பதினொன்று என்றாள். வேண்டுமானால் வகுத்துப் பாருங்கள், 1122211 வரும் என்றாள். அவர் வாயைப் பிளந்தார். வலு போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த நடைக்கு இன்னும் நீளமான எண்ணோடு வந்தார். அதுவும் பதினொன்று. சரக்கு கூடினால் பாலம்தானே திணற வேண்டும் என்ற கணக்கில், போகப் போக எண்ணை நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் வந்தது சீட்டின் ஓரத்துக்கு ஓரம் அடைத்துக்கொண்டு நின்றது, அதை வாசித்து முடிக்கவே அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. எடையக்கா இலக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பதினொன்று என்று சொல்லிச் சீட்டை நீட்டினாள். இதற்குள் தொழிற்பேட்டைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சிமெண்ட் லாரி உள்ளே நுழைந்தாலே காவல்காரர், "இன்னிக்கும் பதினொண்ணா?" என்று கேட்டுத்தான் கதவைத் திறப்பார்.

அவரும் இந்த எண்களுக்குச் செல்லமாக ஒரு பெயர் வைத்தார். போகவும் வரவும் ஒன்றாக இருப்பதால் போக்குவரத்து எண். அந்தப் பெயர் எடையக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் வந்தவர் சீட்டை நீட்டாமல் முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே யோசித்ததாகச் சொன்னார்.

"எல்லா இலக்கத்துக்கும் ஜோடி இருந்தாத்தான் உங்க பதினொண்ணு உள்ள வருது. அதான் நடுவுல ஒருத்தனை ஜோடி இல்லாம நிறுத்திப் பார்த்தேன்."

சீட்டில் 1111111 என்று இருந்தது. ஏழு ஒன்றுகள். எடையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கண்டுபிடிப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பதினொன்றைப் போட்டாள், மீதி வந்தது. மூன்று, ஏழு, பதின்மூன்று என்று போட்டாள், எதற்கும் அசையவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு மேசையில், கூட வசிக்கும் அவளுடைய சொந்த அக்கா தைத்து முடித்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுத்தாள். அடுத்த நடைக்கு அவர் வந்தபோது, 239 என்று சொன்னாள். அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவில் எங்கோ ஓர் ஓரத்தில் சப்பென்றும் இருந்தது.

சிமெண்ட்டுக்காரர் சளைக்கவில்லை. இரு பக்கமும் அப்படியே இருக்கட்டும், நடுவில் நிற்கிறவனை மட்டும் மாற்றுகிறேன் என்று 1112111 கொண்டுவந்தார். ஒற்றைப்படை இலக்கம்தானே, பதினொன்று நுழையாது என்று அவருக்கு அசாத்திய நம்பிக்கை. எடையக்கா பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் நான்கு ஒன்றுகள், மறுபக்கம் இரண்டு ஒன்றும் நடுவிலிருந்த இரண்டும். நாலுக்கு நாலு. பதினொன்று பக்கத்து வாசல் வழியாக நுழைந்துவிட்டது. அது மட்டுமா, அந்த எண் 11, 101, 1001 என்று மூன்று துண்டாக உதிர்ந்தது, மூன்றும் போக்குவரத்து எண்கள். எடையக்கா சிரித்த சிரிப்பில் மேடைமேல் நின்ற லாரியின் ஓட்டுநர், தன் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று இறங்கி வந்து பார்த்தார். அடுத்து வந்த 1113111-இன் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. மூன்றால் உடைந்தது. அதற்கு நேரமே ஆகவில்லை.

அதற்கு அடுத்த நடையில் அவர் 1114111 கொண்டுவந்தார். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தார். கம்பெனியில் அவரைத் துறைமுகத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இந்த வழியில் இன்னும் ஒரே ஒரு நடைதான்.

"இதுதான் கடைசிங்க. இதுவும் உடைஞ்சிடுச்சுன்னா நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

எடையக்கா சரி என்றாள். சீட்டு அடித்துக் கொடுத்தாள். அச்சு இயந்திரம் வழக்கம்போல விக்கியது.

ஓர் எண் இரண்டு துண்டாக உடைந்தால் சின்னத் துண்டு ஓர் எல்லையைத் தாண்டாது. 1114111-க்கு அந்த எல்லை ஆயிரத்து ஐம்பத்தைந்து. அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து எதிலும் மீதி வந்தால், அந்த எண் உடையாத எண். எடையக்கா வரிசையாகப் போட்டுக்கொண்டு போனாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் போட்டாள், பேருந்தில் போட்டாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போட்டாள். முதலில் எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நூறைத் தாண்டியது, ஐந்நூறைத் தாண்டியது. எங்கேயோ நடுவழியில், ஒவ்வொரு தடவையும் மீதி வரும்போது தான் நிம்மதியாக மூச்சு விடுவதை அவளே கவனித்தாள். அப்புறம் பென்சில் மெதுவாக நகர ஆரம்பித்தது. 1039 ஆயிற்று. 1049 ஆயிற்று. மிச்சம் இருந்தது 1051 மட்டும். அங்கே கை நின்றுவிட்டது.

அக்காவுக்கு இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். தங்கையின் அறை காலியானால் அங்கே இரண்டாவது தையல் இயந்திரம் போடலாம் என்று ஜன்னல் பக்கம் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள், அதை ஒளிக்கவும் இல்லை. தங்கை மேசையில் சீட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள்.

"ஒரு கணக்குதானடி பாக்கி. போட்டுத் தொலையேன்."

"உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு அக்கா."

அக்கா நூலைத் திரும்பக் கோத்துக்கொண்டு, சத்தம் வராமல் இயந்திரத்தை மிதித்தாள்.

கடைசி நடை அன்று சிமெண்ட்டுக்காரர் தூசியெல்லாம் துடைத்து, தலை வாரி வந்திருந்தார். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு அறைக்கு வந்தார். பின்னால் வரிசையாக நாலைந்து லாரிகள். எடையக்கா சீட்டையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள். எல்லாம் போட்டாகிவிட்டது, 1051 ஒன்றுதான் மிச்சம், அதை அவரே போட வேண்டும் என்றாள். அவருக்குப் புரியவில்லை. கணக்குப் புலி அவள், வகுத்தல் போட்டு முப்பது வருடம் ஆன தன்னிடம் எதற்குத் தருகிறாள் என்று விழித்தார்.

"நான் போட்டா எனக்கு வேணுங்கிற மாதிரி வந்துடும். தராசுல நானே கை வச்ச மாதிரி ஆயிடும்," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சூடேறிப் போய்த் திரையைப் பார்த்துக்கொண்டாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, அவர் காதில் அது ஏறவில்லை. முக்காலியில் உட்கார்ந்து வகுக்க ஆரம்பித்திருந்தார். 1114-இல் 1051 ஒரு தடவை, மீதி 63. அடுத்த ஒன்றை இறக்கினார், 631, போகாது, பூஜ்யம். இன்னொரு ஒன்றை இறக்கினார், 6311. ஆறு தடவை போகும். ஆறால் பெருக்க ஆரம்பித்தபோது பின்னால் நின்ற மணல் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு 6206 என்று எழுதினார், கழித்தார், 105. கடைசி ஒன்றை இறக்கினார்.

1051.

வகுக்கிற எண்ணும் 1051, கீழே வந்து நிற்பதும் 1051. கணக்கே தெரியாதவருக்கும் வெட்டவெளிச்சமாகத் தெரியும். அவர் பூஜ்யத்தைப் போட்டார். அது வட்டமாக வரவில்லை, பென்சில் முனை உடைந்தது. சீட்டை மெதுவாக அவள் பக்கம் திருப்பி வைத்தார். உடைந்துவிட்டதுங்க என்றார். எழுந்து, வண்டி மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எடையக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது இதைத்தானே. முடியாது என்று சொல்ல வேண்டிய வேலையை அந்த எண்ணே செய்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், அறையைக் காலி செய்ய வேண்டாம், நாளைக்கும் லாரிகள் வரும். ஒரு கணக்கு சரியா என்று பார்க்காமல் அவள் கை எந்தச் சீட்டையும் விட்டதில்லை, அந்தப் பழக்கத்தில் விரல் வரிவரியாக மேலே போனது. 6206-இல் நின்றது. பக்கத்தில் பொடியாக, கையில் வைத்த எண் என்று அவர் எழுதியிருந்தது இரண்டு.

வெளியே சிமெண்ட் லாரி உறுமியது. லாரிகளை முன்னே பின்னே நகரச் சொல்வதற்கு மேசையில் ஒரு மைக் உண்டு. அதன் குரல் தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகை வரைக்கும் கேட்கும். எடையக்கா அதை எடுத்தாள்.

"சிமெண்ட் வண்டி, எஞ்சினை நிறுத்துங்க. ஆறஞ்சு முப்பது. கையில மூணு வரணும், நீங்க ரெண்டு வச்சிருக்கீங்க. இறங்கி வந்து மறுபடி போடுங்க."

மணல் லாரியின் ஹாரன் நின்றுபோனது. சுமை இறக்குகிறவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அவர் படியேறி வந்தார், வேறு பென்சில் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை 6306. கழித்தால் ஐந்து. கடைசி ஒன்றை இறக்கினால் ஐம்பத்தொன்று. அதற்குமேல் போகாது. மீதி ஐம்பத்தொன்று என்று எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சரி என்றாள். முதலில் அவர் போட்ட தப்புக் கணக்கு, நடுவில் நாலுக்குப் பதில் ஐந்து இருந்திருந்தால் சரியான கணக்கு, 1115111-ஐ 1051 கச்சிதமாக உடைத்திருக்கும் என்றாள். இன்னொரு நடை கிடைத்திருந்தால் ஐந்தைத்தான் கொண்டுவந்திருப்பேன் என்றார் அவர்.

இனி எதால் வகுக்க வேண்டும் என்று கேட்டார். இனி வகுக்க எதுவும் பாக்கி இல்லை என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நீங்க பேசாம இருந்திருந்தா நான் போயிருப்பேனே," என்றார்.

"போயிருப்பீங்க," என்றாள் எடையக்கா. "அதனாலதான் மைக்கை எடுத்தேன்."